ரத்தம் வராத அடி

ஜெலுத்தோங்கில் ஒரு வரிசை வீட்டின் பின்பக்கம், சோப்பு நுரை ஓடிய சிமெண்டுத் தரையில் சித்தி ஹாஜரா வழுக்கியபோது அவளுடைய இரண்டு கைகளும் இறந்தபின் குளிப்பாட்டக் கிடத்தியிருந்த ஒரு மய்யித்தின் தோளைப் பிடித்திருந்தன. விழப்போகிறோம் என்று தெரிந்ததும் கைகளை விட்டுவிட்டாள். பிடித்துக்கொண்டே விழுந்திருந்தால் மய்யித்தும் பலகையோடு சரிந்திருக்கும். விட்டதனால் எதையும் பற்றிக்கொள்ள வழியில்லாமல் மல்லாந்து போய், தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் பின்மண்டை இடிக்க விழுந்தாள்.

இறந்துபோன பெண்களைக் குளிப்பாட்டிக் கஃபன் துணி உடுத்தி அனுப்புவது அவளுடைய பணி. வயது நாற்பத்தொன்று. ஜார்ஜ் டவுனிலும் சுற்றுப்புறத்திலும் தமிழ் முஸ்லிம் வீடுகளில் ஒரு பெண் இறந்தால் பள்ளிவாசலிலிருந்து அவளுக்குத்தான் முதலில் போன் வரும். கொரோனா காலத்தில் அவளுடைய அம்மா ஆஸ்பத்திரியில் இறந்து, உடம்பில் ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல், மூடிய பையோடு அடக்கமானாள். தூரத்தில் நின்று பார்க்கக்கூட ஹாஜராவுக்கு அனுமதி கிடைக்கவில்லை. அந்த வேதனையில்தான் பள்ளிவாசல் வகுப்பில் சேர்ந்து இதைக் கற்றுக்கொண்டாள். கணவன் காஜா மொய்தீன் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றும் பஸ் ஓட்டுகிறவன். முதலில் முகம் சுளித்தான், பிறகு பழகிக்கொண்டான். எட்டு வயது மகள் ஹனாவுக்கு அம்மாவின் வேலை என்னவென்று தெரியும், அதில் பயமும் இல்லை. ஹாஜரா குரல் உயர்த்திப் பேசி அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. மய்யித்தின் அருகில் பேசிப் பேசி, வீட்டிலும் அதே தணிந்த குரலில்தான் பேசுவாள்.

அன்று அவளோடு தண்ணீர் ஊற்ற வந்தவள் லைலா. அவளைவிடப் பத்து வயது இளையவள். ஓடிவந்து தூக்கினாள். ஹாஜராவின் கண்கள் திறந்திருந்தன, ஆனால் எதையும் பார்க்கவில்லை. பிறகு உதடு அசைந்தது.

"மய்யித் விழுந்துடுச்சா?"

"இல்லக்கா. அங்கேயே இருக்கு. நீங்கதான் விழுந்தீங்க."

"மய்யித் விழுந்துடுச்சா?"

"விழலக்கா. உட்காருங்க, தண்ணி குடிங்க."

தலையைத் தடவிப் பார்த்தார்கள். ரத்தம் இல்லை. தலைத்துணிக்குள் ஒரு புடைப்பு மட்டும். ஹாஜரா எழுந்து முகம் கழுவிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து குளிப்பாட்டத் தொடங்கினாள். கற்பூரத் தண்ணீர் ஊற்றி, துடைத்து, கஃபன் கட்டி, முடிச்சும் போட்டாள். எல்லாம் முறைப்படி நடந்ததாக லைலா பிற்பாடு சொன்னாள். ஹாஜராவுக்கு அதில் ஒன்றுகூட நினைவில்லை. தொட்டி விளிம்புக்குப் பிறகு அவளுக்கு நினைவிருப்பது லைலா ஓட்டிவந்த காடி ஒரு சிவப்பு விளக்கில் நிற்பதும், மடியில் ஒரு பிளாஸ்டிக் பையும், அதில் அவள் எடுத்த வாந்தியும்தான்.

"கிளினிக் போலாம்கா. கேட்டதையே கேட்டுக்கிட்டு இருந்தீங்க. எனக்கு பயமா இருக்குலா."

"ரத்தம்கூட வரல. காலையில வெறும் வயித்துல கிளம்பினது, அதான். வீட்ல விடு."

இறங்கும்போது லைலாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "யார்ட்டயும் சொல்லாத. அடக்கம் ஆகுற நாள்ல அந்த வீட்டப் பத்தி ஒரு பேச்சு வரக்கூடாது" என்றாள். மய்யித்தின் பக்கத்தில் கண்டதையும் நடந்ததையும் வெளியே பேசக்கூடாது என்று லைலாவுக்குக் கற்றுக்கொடுத்தவளே ஹாஜராதான். லைலா சொல்லவில்லை.

அன்று மாலை வரை தூங்கினாள். காஜா மொய்தீன் வேலை முடிந்து வந்து கேட்டபோது அசதி என்றாள். மறுநாளும் தலை வலித்தது. வலி பின்மண்டையில் தொடங்கிக் கழுத்து வழியாகத் தோளுக்கு இறங்கியது. வெளிச்சம் கண்ணைக் குத்தியது. வெங்காயம் வதங்கும் சத்தம்கூடத் தாங்கவில்லை. படுக்கையில் வலப்பக்கம் புரண்டால் கட்டிலே கவிழ்வதுபோல் அறை சுற்றியது. அவர்கள் வீடு அடுக்குமாடியில் மேல்தளம். மூங்கில் கம்பில் துணி மாட்டி வெளியே நீட்ட அண்ணாந்து பார்த்தவள், தலை கிறுகிறுத்துக் கம்பை நழுவவிட்டாள். காஜாவின் சட்டைகள் பத்து மாடி கீழே போய் விழுந்தன.

எல்லாவற்றையும்விட அவளை உலுக்கியது தொழுகை. நின்று ஓதும்வரை சரியாக இருந்தது. சஜ்தாவுக்குக் குனிந்து நெற்றியைத் தரையில் வைத்ததும், தரை சக்கரம்போல் சுழன்றது. இரண்டு கைகளையும் அகல ஊன்றி, கண்ணை இறுக மூடி, விழாமலிருக்க மட்டுமே பாடுபட்டாள். என்ன ஓதினோம், எத்தனை ரக்அத் முடிந்தது என்பதெல்லாம் கலைந்துபோயிற்று. எந்தப் பாவத்துக்கு இப்படி என்று யோசித்தாள். தலையில் பட்ட அடியை அவள் யோசிக்கவே இல்லை. புடைப்பு அதற்குள் வற்றிப்போயிருந்தது.

பாலிக் புலாவில் இருக்கும் காஜாவின் அக்கா சுலைஹா போனில் விஷயம் கேட்டாள். "எப்பப் பாத்தாலும் மய்யித்தோட இருந்தா என்னவாச்சும் கூட வரத்தான் செய்யும்" என்று சொல்லி, ஓதிய தண்ணீர் ஒரு போத்தல் கொடுத்தனுப்பினாள். ஹாஜரா அதையும் குடித்தாள்.

குழம்பில் உப்பு இருமுறை விழுந்தது. அடுப்பு எரிந்தபடியே கிடந்தது. கோபம்தான் புதியது. முதலில் பாத்திரங்களை ஓங்கி வைத்தாள். அப்புறம் காஜாவிடம், பிறகு பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியைப் பார்த்து, கத்தினாள். கத்தியபின் தலை இன்னும் வலிக்கும். "முன்ன நீ இப்படி இல்லையே" என்றான் காஜா ஒருநாள், சண்டை பிடிக்கும் குரலில் இல்லை. அதற்கும் கத்தினாள்.

பள்ளி விடுமுறை தொடங்கிய வாரம். ஹனா கூடத்தில் உட்கார்ந்து, சாப்பாட்டு டப்பாவின் மூடியைக் கரண்டியால் தட்டி ஏதோ பாட்டு முனகிக்கொண்டிருந்தாள். நிறுத்து என்றாள் ஹாஜரா. நின்றது. கொஞ்ச நேரத்தில் மறுபடி, மெல்ல, தட்டல். குழந்தை மறந்துபோய்த் தட்டியது. அறைக்குள் இருட்டில் படுத்திருந்தவள் எழுந்து வந்தது அவளுக்கு நினைவிருக்கிறது. ஹனாவின் கையை முறுக்கிக் கரண்டியைப் பிடுங்கியதும், தள்ளியதும் நினைவிருக்கிறது. இரும்பு அலமாரியின் முனையில் ஹனாவின் புருவம் இடித்த சத்தம் தெளிவாகவே நினைவிருக்கிறது.

கீழ்த்தளத்துக் கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். இளம் டாக்டர் ஒருத்தி காயத்தைக் கழுவிவிட்டு, எப்படி நடந்தது என்று மலாயில் கேட்டாள். ஹாஜரா வாய் திறப்பதற்குள் ஹனா சொன்னாள், "ஓடும்போது விழுந்துட்டேன்." சொல்லிவிட்டு அம்மாவைப் பார்க்கவில்லை.

தையல் போட்டு முடித்தபின் டாக்டர் ஹாஜராவை உட்காரச் சொல்லி நிதானமாக விளக்கினாள். தலையில் பட்ட அடி, வெளிக்காயத்தைவிட உள்ளேதான் கவனிக்க வேண்டும். வாந்தி எடுத்தாலோ, சொன்னதையே திரும்பச் சொன்னாலோ, நடந்தது மறந்துபோனாலோ, எழுப்பினால் எழாமல் தூங்கினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். அடுத்துவரும் நாட்களில் தலைவலி, கிறுகிறுப்பு, வெளிச்சமும் சத்தமும் தாங்காமை, வழக்கத்துக்கு மாறான எரிச்சல் இருந்தாலும் கூட்டிக்கொண்டு வாருங்கள். ரத்தம் வரவில்லை என்பதால் விட்டுவிடக்கூடாது, மண்டைக்குள் மூளை குலுங்கியிருக்கலாம், அதைத்தான் கெகாரான் ஓத்தாக் என்போம் என்றாள்.

ஹாஜரா கேட்டுக்கொண்டிருந்தாள். மகளுக்கு வரக்கூடும் என்று சொல்லப்பட்டவை ஒவ்வொன்றும் அவளுக்கு ஏற்கெனவே வந்திருந்தன. சிவப்பு விளக்கும் மடியிலிருந்த பையும் கண்முன் வந்தன. இது எனக்கு, எனக்குத்தான் என்று சொல்ல நாக்கு எழுந்தது. ஆனால் பக்கத்தில் ஹனா கட்டுப்போட்ட புருவத்தோடு உட்கார்ந்திருந்தாள். பிள்ளையைத் தள்ளிவிட்ட அரைமணி நேரத்தில், எனக்கு நோய் என்று எப்படிச் சொல்வது? எழுந்து, நன்றி சொல்லி, மருந்தை வாங்கிக்கொண்டு வந்தாள்.

மாலை காஜா வந்து மகளின் புருவத்தில் இருந்த கட்டைப் பார்த்து, என்ன ஆச்சு என்று கேட்டான். ஹனா அம்மாவைப் பார்த்தாள். மறுபடி ஒரு பொய்யை அவள் சொல்லும்படி விட ஹாஜராவுக்கு மனசு வரவில்லை.

"நான்தான் தள்ளினேன்."

அவன் கத்தவில்லை. அலமாரியின் முனையைக் கையால் தடவிப் பார்த்தான். அன்று இரவு முழுக்க மகள் பக்கத்திலேயே படுத்திருந்து, அவளை எழுப்பி எழுப்பிப் பார்த்தான். மறுநாள் காலையில் அவளுடைய உடுப்புகளை ஒரு பையில் போட்டான். "லீவு முடியுறவரை அக்கா வீட்ல இருக்கட்டும்." ஹனா செருப்பைப் போட்டுக்கொண்டு அப்பாவுக்கு முன்னாலேயே போய் லிஃப்ட் பக்கம் நின்றாள்.

வீடு அமைதியானது. அந்த அமைதியில் தலைவலி சற்றுக் குறையவும் செய்தது. அது அவளுக்கு இன்னும் அசிங்கமாக இருந்தது.

சில நாட்களில் பள்ளிவாசலிலிருந்து போன் வந்தது. போகாமலிருந்திருக்கலாம். கையில் அந்த வேலையாவது மிஞ்சட்டும் என்று போனாள். வயதான ஒரு அம்மாள், சுற்றி மூன்று மகள்கள். பாதியில் ஹாஜரா சட்டென்று நின்றுவிட்டாள். கையில் குவளை, குவளையில் தண்ணீர். வலப்பக்கம் ஊற்றியாயிற்றா இல்லையா என்று தெரியவில்லை.

"வலது ஆச்சா?" என்று லைலாவிடம் மெல்லக் கேட்டாள்.

"ஆச்சுக்கா."

குவளையைச் சாய்க்கப்போனவள் மறுபடி நிறுத்தினாள். "வலது ஆச்சா?"

மகள்களில் மூத்தவள் நிமிர்ந்து பார்த்தாள். "எங்க அம்மாக்கா இது. ஒழுங்கா செய்ங்க." குரலில் கோபத்தைவிட அழுகைதான் அதிகம். ஹாஜரா தலையாட்டிவிட்டு, பாதங்களைக் கழுவக் குனிந்தாள். பலகை, சுவர், மகள்கள் எல்லாம் ஒரே பக்கமாகச் சரிந்து ஓடின. ஒரு கையில் குவளையோடு, மறுகையால் பலகையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, மய்யித்தின் காலடியில் முழந்தாளிட்டு உட்கார்ந்தாள். லைலா வந்து அவளுடைய விரல்களைப் பிரித்துக் குவளையை வாங்கிக்கொண்டாள். மீதியை அவளே செய்து முடித்தாள்.

அன்று லைலா அவளை வாசலில் விட்டுவிட்டுப் போகவில்லை. காஜா வரும்வரை காத்திருந்து, தொட்டி விளிம்பில் தலை இடிக்க விழுந்ததிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னாள். காஜா பஸ் சாவியைக் கையில் வைத்தபடியே கேட்டான்.

"எப்ப நடந்தது இது?"

"மூணு வாரத்துக்கு மேல ஆகுது அண்ணே. அப்பவே சொல்லியிருக்கணும். தப்புதான்."

காஜா மனைவி பக்கம் திரும்பினான். "ஏன் எங்கிட்ட சொல்லல?"

"முதல்ல இதுதான்னு தெரியாது. தெரிஞ்சப்ப புள்ளைய தள்ளியாச்சு. சொன்னா சாக்கு சொல்றேன்னு நினைப்பீங்க."

அவன் பஸ் சாவியை மேசையில் வைத்தான். "நினைச்சிருப்பேன்தான்" என்றான். பிறகு, "எந்திரி, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

அவசரப் பிரிவில் நெடுநேரம் காத்திருந்து ஸ்கேன் எடுத்தார்கள். மண்டையில் விரிசல் இல்லை, ரத்தக்கசிவும் இல்லை. காஜாவுக்கு அது நிம்மதியாக இல்லை. "ஒண்ணுமே இல்லன்னா இவ ஏன் டாக்டர் இப்படி இருக்கா?"

நடுவயதுத் தமிழ் டாக்டர். கணினியைத் தள்ளிவைத்துவிட்டுப் பேசினார். "ரத்தம் கசிஞ்சா ஸ்கேன்ல தெரியும். மூளை குலுங்குனது தெரியாது. படம் சுத்தமா இருந்தாலும் அடி அடிதான். விழுந்த அன்னிக்கே வந்திருக்கணும்மா. வாந்தி, மறதி ரெண்டும் இருந்திருக்கு. உள்ள கசிவு இருந்திருந்தா இன்னிக்கு நீங்க வந்திருக்க மாட்டீங்க." அடிபட்ட நாளிலிருந்து சரியான ஓய்வு இல்லாமல் ஓடியதும், பிறகு பகலெல்லாம் இருட்டறையில் முடங்கியதும் இரண்டுமே தவறு என்றார். கொஞ்சம் நடக்க வேண்டும், கொஞ்சம் வேலை செய்ய வேண்டும், தலைவலி ஏறினால் நிறுத்த வேண்டும். இன்னொரு முறை தலையில் அடிபடவே கூடாது. மோட்டார் சைக்கிள் ஓட்டக்கூடாது. கிறுகிறுப்புக்கு மாத்திரை தராமல் பிசியோதெரபிக்கு எழுதிக்கொடுத்தார்.

பிசியோதெரபிஸ்ட் லோகேஸ்வரி முப்பது வயதுப் பெண். முதல் நாளே ஹாஜராவைக் கட்டிலில் நேராக உட்காரவைத்து, "அக்கா, இப்ப உங்களுக்கு பெனிங், அந்த கிறுகிறுப்பு, வரவைக்கப்போறேன். கண்ண மட்டும் மூடாதீங்க, நான் பாக்கணும்" என்றாள். ஹாஜராவின் தலையை வலப்பக்கம் திருப்பிப் பிடித்து, சட்டென்று பின்னால் படுக்கவைத்தாள். தலை கட்டிலுக்கு வெளியே தொங்கியது. சஜ்தாவில் சுழன்ற அதே சுழற்சி, அதைவிட மோசமாக. ஹாஜரா அவளுடைய மணிக்கட்டை நகம் பதியப் பற்றினாள்.

"இருக்கேன்கா. விழ மாட்டீங்க. கண்ணத் திறந்தே வைங்க."

சுழற்சி தணிந்ததும் தலையை மெல்ல மறுபக்கம் திருப்பி, காத்திருந்து, உடம்பையும் ஒருக்களிக்க வைத்து, மறுபடி காத்திருந்து, உட்காரவைத்தாள். ஹாஜரா பக்கத்திலிருந்த கிண்ணத்தில் வாந்தி எடுத்தாள். லோகேஸ்வரி அவள் வாயைத் துடைத்துவிட்டு விளக்கினாள். காதுக்குள்ளே மணல் மாதிரிச் சின்னச் சின்னத் துகள்கள் இருக்கின்றன, விழுந்த அதிர்ச்சியில் அவை இடம் மாறிப்போய்விட்டன. தலை சாயும்போதெல்லாம் அவை உருளுகின்றன. இப்படித் திருப்பித் திருப்பித்தான் அவற்றைப் பழைய இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.

"அப்ப இது பாவம் கீவம் இல்ல."

லோகேஸ்வரிக்குப் புரியவில்லை. "காதுக்கா இது" என்றாள்.

அடுத்த முறையும் அப்படிச் செய்தபின் கட்டில் கவிழ்வது நின்றது. மற்றவை அவ்வளவு எளிதில் விடவில்லை. இறுகிப்போன கழுத்தை லோகேஸ்வரி விரலால் அழுத்தித் தளர்த்தினாள். சுவரில் ஒட்டிய ஓர் எழுத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல் தலையை இடவலமாக ஆட்டச் சொன்னாள். மெத்தையான பஞ்சுத் தட்டில் நிற்கவைத்தாள், ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் தலையைத் திருப்பிக்கொண்டே நடக்கவிட்டாள். சுவரைத் தொடாமல் அந்தத் தாழ்வாரத்தைக் கடக்கவே நாளாயிற்று. ஒருநாள் உடம்பு லேசாக இருக்கிறது என்று சௌராஸ்தா பாசாருக்குப் போய், மீன் வாங்கி, வீட்டைக் கழுவித் துடைத்தாள். அடுத்த இரண்டு நாளும் எழுந்திருக்க முடியவில்லை.

"நல்லா இருக்கிற அன்னிக்கே எல்லாத்தையும் செஞ்சு முடிக்கப் பாக்காதீங்கக்கா. அங்கதான் எல்லாரும் மாட்டிக்கிறாங்க."

ஒருமுறை கழுத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தபோது, முகம் தெரியாமல் குப்புறப் படுத்திருந்த தைரியத்தில் ஹாஜரா கேட்டாள். "என் புள்ளைய தள்ளிவிட்டேன். அது நானா, இல்ல இந்த அடியா?"

லோகேஸ்வரி அழுத்துவதை நிறுத்தவில்லை. "அடிபட்ட தலைக்கு கோபம் தாங்காதுக்கா. அது இந்த நோய்ல வர்றதுதான், டாக்டர்கிட்டயும் சொல்லுங்க, அதுக்கும் ஆள் இருக்காங்க. ஆனா பாப்பாகிட்ட உங்களுக்காக நோய் பேசாது. நீங்கதான் பேசணும்."

பள்ளி திறந்ததும் ஹனா வந்தாள். இடுப்புவரை இருந்த கூந்தல் காதோடு வெட்டப்பட்டிருந்தது. சுலைஹா வெட்டிவிடவில்லை, ஹனாவே கேட்டு வெட்டிக்கொண்டாளாம். வழியில் அப்பாவிடம் காரணம் சொல்லியிருக்கிறாள். காலையில் அம்மா பின்னிவிட வேண்டாமல்லவா, பக்கத்தில் உட்கார வேண்டாமல்லவா. காஜா அதை ஹாஜராவிடம் சொல்லாமல் மறைக்கப் பார்த்தான். அவள் கேட்டு வாங்கினாள். கேட்டபின் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் நின்றாள்.

அந்த வாரமே, ஹனா சோபாவின் ஒரு முனையில் இருக்க, அவள் மறுமுனையில் உட்கார்ந்து பேசினாள். "அம்மா விழுந்ததுல தலைக்குள்ள அடிபட்டிருச்சு. அதனால கோபம் வந்துச்சு. ஆனா உன்னைத் தள்ளினது தப்பு. உன் தப்பு ஒண்ணுமே இல்ல. நீ டாக்டர்கிட்ட எனக்காகப் பொய் சொல்லியிருக்க வேணாம்."

ஹனா புருவத்துத் தழும்பைத் தடவினாள். "திரும்ப வருமா?"

வராது என்று சொல்லத்தான் ஆசை. "தெரியலம்மா. வர்ற மாதிரி இருந்தா நான் ரூமுக்குள்ள போயி கதவ சாத்திக்குவேன். அப்ப நீ பயப்படாத. கொஞ்ச நேரத்துல வந்துருவேன்."

ஹனா தலையாட்டினாள். பக்கத்தில் வரவில்லை.

மாதங்கள் போயின. இப்போது ஹாஜரா தரையில் நெற்றி வைத்துத் தொழுகிறாள், மெதுவாக, ஒரு கையை ஊன்றி எழுகிறாள். மய்யித் வீடுகளில் லைலாதான் முன்னால் நின்று செய்கிறாள். ஹாஜரா அவளுக்குப் பின்னால் நின்று தண்ணீர் ஊற்றுகிறாள், எடுத்துக்கொடுக்கிறாள், அதிகம் குனிவதில்லை. அந்த மூன்று மகள்களின் வீட்டுப் பக்கம் மட்டும் அவளை யாரும் கூப்பிடுவதில்லை. கழுத்துப் பயிற்சியை விடாமல் செய்கிறாள். ஆனாலும் சில பிற்பகல்களில், வெயிலும் சாலைச் சத்தமும் சேர்ந்துகொள்ளும்போது, தலைக்குள் பழைய இறுக்கம் ஏறுகிறது. அப்போது சொன்னபடியே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள்.

கதவு திறக்கும் சத்தம் கேட்டால் கூடத்தில் எழுதிக்கொண்டிருக்கும் ஹனாவின் பென்சில் நிற்கும். நிமிர்ந்து அம்மாவின் முகத்தைப் பார்ப்பாள். கொஞ்ச நேரம், பெரிய மனுஷிபோல, நன்றாகப் பார்ப்பாள். பார்த்து முடித்தபின்தான் குனிந்து எழுதத் தொடங்குவாள்.